கால் ரொட்டி: தென்னாப்பிரிக்காவில் ஒன்பது நாள்

தினமும் ராத்திரி நோட்டில் எழுதி வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன். அக்காவும் நானும் மட்டும் போன பயணம் இது. ஓய்வு பெற்றதும் எங்கே போகலாம் என்று கேட்டபோது அக்கா யோசிக்காமல் சொன்ன இடம், மண்டேலாவைச் சிறை வைத்திருந்த ராபன் தீவு. மண்டேலா விடுதலையான மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த டீச்சர் அவள்.

ஜூன் 14, 2024, வெள்ளி – ஜோகன்னஸ்பர்க்

என் பெட்டி வந்துவிட்டது, அக்காவின் பெட்டி வரவில்லை. ஸ்வெட்டர், சால்வை, பிரஷர் மாத்திரை எல்லாம் அதில்தான். விமான கம்பெனி கவுண்டரில் ஒரு படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு, மூன்று நாளில் வந்துவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் இங்கே குளிர்காலம். ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டி, விரல் விறைத்துப்போகிறது. தங்கும் விடுதியை நடத்தும் அம்மா, அக்கா நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். "இங்கே இருக்கிறவரைக்கும் இது உங்களுது, மம்மா." வயதில் மூத்த பெண்களை இங்கே எல்லோரும் மம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ராத்திரிச் சாப்பாடு பாப். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. தொட்டுக்கொள்ள சக்கலாக்கா என்று காரமான காய்கறிக் கூட்டு. கேப்பைக் களி தின்று வளர்ந்த எங்கள் கைக்குப் பழகின பதம்.

டிவியில் நாடாளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதத் தேர்தலில் மண்டேலாவின் கட்சி 30 வருஷத்தில் முதல் முறையாகப் பெரும்பான்மையை இழந்துவிட்டது. மற்ற கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ராமபோசாவே மறுபடி அதிபர் என்று வெகுநேரம் கழித்து அறிவித்தார்கள். விடுதி அம்மாவுக்கு அரசியல்வாதிகள் மேல் நிறையக் கோபம். வேலை இல்லை, தண்ணீர் வருவதில்லை என்று அடுக்கினார். ஆனால் ஓட்டுப் பற்றிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. 1994 ஏப்ரல் 27 அன்று அவருடைய அம்மா விடிகாலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையில் நின்றாராம். வயது 61. வாழ்க்கையில் முதல் ஓட்டு. அன்றைக்குக் கட்டியிருந்த தலைத்துணியை இன்னமும் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறார். எடுத்துவந்து காட்டினார்.

ஜூன் 15, சனி – ஜோகன்னஸ்பர்க்

நிறவெறி அருங்காட்சியகம். டிக்கெட்டிலேயே உங்கள் நிறம் அச்சாகி வருகிறது. நம் தோலைப் பார்த்துக் கொடுப்பதில்லை, கைக்கு வந்ததுதான். அக்காவுக்கு 'வெள்ளையர்', எனக்கு 'வெள்ளையர் அல்லாதவர்'. வாசலும் இரண்டு. நடுவில் கம்பி வலை. இது ஒரு ஏற்பாடுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலைக்கு அந்தப் பக்கம் அக்கா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தனியாக நடந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வருகிறது. 1949-ல் வெள்ளையரும் மற்றவரும் மணம் செய்யத் தடை. 1950-ல் மக்கள் பதிவுச் சட்டம். பிறந்த ஒவ்வொருவருக்கும் அரசாங்கமே இனம் எழுதிக் கொடுத்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். தானாக விழுந்தால் ஒரு இனம், முடியில் சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று எழுதிய கதைகள் இருக்கின்றன.

நான் நின்றுவிட்ட இடம் ஒரு பட்டியல். 1985-ல் இனம் 'மாற்றி' எழுதப்பட்டவர்களின் கணக்கு. 702 கலப்பினத்தவர் வெள்ளையர் ஆனார்கள். 19 வெள்ளையர் கலப்பினத்தவர் ஆனார்கள். ஒரு இந்தியர் வெள்ளையர் ஆனார். 50 இந்தியர் கலப்பினத்தவர், 43 கலப்பினத்தவர் இந்தியர். கடைசியில்: கறுப்பர் யாரும் வெள்ளையர் ஆகவில்லை, வெள்ளையர் யாரும் கறுப்பர் ஆகவில்லை. அந்த ஒரு இந்தியர் யாராக இருப்பார்? எந்த அலுவலக மேஜைக்கு முன்னால் நின்று எதை நிரூபித்திருப்பார்? மாறின அன்றைக்குச் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போனார், சொந்தக்காரர்கள் அங்கே வரமுடிந்ததா? அந்த எண்ணை விட்டு நகர மனம் வரவில்லை.

கூரையிலிருந்து 131 தூக்குக் கயிறுகள் தொங்கும் அறை ஒன்று இருக்கிறது. தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளுக்காக. நான் உள்ளே போய் உடனே வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு – சொவேட்டோ

ஜோகன்னஸ்பர்க் ஓரத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கின பகுதி சொவேட்டோ. இன்றைக்கு இளைஞர் தினம், தேசிய விடுமுறை. தெருவெல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம். பிள்ளைகள் மட்டும் இல்லை. முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் டை கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு நடக்கிறார்கள். 1976-ல் இதே தேதியில் யூனிஃபார்மோடு ஊர்வலம் போன பிள்ளைகளை நினைத்து.

ஆண்ட வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் கணக்கும் சமூகவியலும் படிக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. வாத்தியார்களுக்கே அந்த மொழி சரியாகத் தெரியாது. அதற்கு முன்னாலேயே கறுப்புப் பிள்ளைகளின் படிப்பு எப்படி இருந்தது என்றால், 1970-களின் நடுவில் அரசாங்கம் செலவழித்தது ஒரு வெள்ளைக் குழந்தைக்கு வருஷத்துக்கு 644 ராண்ட், கறுப்புக் குழந்தைக்கு 42 ராண்ட். 1953-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒருவன் ஹெக்டர் பீட்டர்சன், 12 வயது. ஒரு பையன் அவனைக் கையில் ஏந்தி ஓட, பக்கத்தில் அக்கா ஆன்டொனெட் வாயைத் திறந்து அலறிக்கொண்டே ஓடும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் சாம் ன்சிமா. தூக்கிக்கொண்டு ஓடிய ம்புயிசா மகூபோ போலீஸுக்குப் பயந்து நாட்டை விட்டே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. அவரைப் பற்றி இந்தியாவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நினைவிடத்தில் கூட்டம். அக்கா அந்தப் படத்தின் முன்னால் நின்று, "அந்தப் புள்ள பினோஃபார்ம்ல இருக்கு பாரு" என்றாள். 36 வருஷம் டீச்சராக இருந்தவள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

மத்தியானம் கோட்டா வாங்கினோம். கால் ரொட்டியைக் குடைந்து, அதற்குள் உருளைக்கிழங்கு வறுவல், பொலோனி என்கிற இறைச்சித் துண்டு, சீஸ், மேலே மாங்காய் அச்சார். ஆமாம், நம் ஊறுகாய்தான், பேரும் அச்சார்தான். கால் பாகம் என்பதன் ஆங்கிலச் சொல் மருவித்தான் கோட்டா ஆனதாம். 45 ராண்ட். அப்போது ஒரு ராண்ட் சுமார் நாலரை ரூபாய். கடைப் பையன் நாங்கள் இரண்டு பேர் ஒன்றே வாங்குவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டாக வெட்டி இரண்டு தாளில் மடித்துக் கொடுத்தான். இரண்டு கையாலும் நீட்டினான். இங்கே கொடுப்பதும் வாங்குவதும் அப்படித்தான்.

ஜூன் 17, திங்கள் – பிராம்ஃபான்டைன், பிறகு டர்பன்

பெட்டி இன்னும் வரவில்லை. கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது விடுதி அம்மா வாங்கவில்லை. டர்பனில் குளிராது என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

பிளேனுக்கு முன்னால் பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டம். எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை பெயர். எத்தனை தீபாவளிக்கு அந்தப் படியேறிப் புடவை எடுத்திருப்போம். அந்தப் பெண் படுத்திருப்பது இங்கே. அம்மாவின் ஊர்தான் தில்லையாடி. அவர் பிறந்தது இதே ஜோகன்னஸ்பர்க்கில். 1913-ல் இந்தியர்களுக்கு எதிரான சட்டங்களை மீறிப் பெண்கள் நடந்த நடையில் சேர்ந்து, மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். 16 வயது. சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது கைது செய்தாலும் போவேன் என்றவர். 1997-ல் மண்டேலா வந்து இந்தக் கல்லறைக்கு மரியாதை செய்தார்.

அதிகாரபூர்வமாக நிறவெறி தொடங்கியது 1948 என்று புத்தகத்தில் போட்டாலும் அஸ்திவாரம் பழையது. வள்ளியம்மை நடந்த அதே 1913-ல்தான் கறுப்பின மக்களுக்கு நாட்டில் சுமார் 7 சதவீத நிலம் மட்டும் என்று சட்டம் வந்தது.

பூ வாங்க மறந்துவிட்டோம். காவலாளி ஓடிப்போய் எங்கிருந்தோ கற்றாழைப் பூ ஒரு கொத்து, செக்கச் செவேலென்று, பறித்துவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "உங்கள் பெண்தானே?" என்று மட்டும் கேட்டார். அக்கா ஆமாம் என்றாள்.

ஜூன் 18, செவ்வாய் – டர்பன்

இதமான வெயில், உப்புக் காற்று, தென்னை மாதிரி ஏதோ மரங்கள். உடம்பு சென்னைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டது. கடற்கரையில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒரே அலையில் குதிக்கிறார்கள். இதே மணலில் 1980-களின் கடைசி வரை 'இந்தக் குளிக்குமிடம் வெள்ளையினத்தவருக்கு மட்டும்' என்று மூன்று மொழியில் பலகை நின்றது. தனித்தனி வசதிகள் சட்டம் 1953-ல் வந்து 1990-ல்தான் போனது. அக்கா செருப்பைக் கழற்றி, முட்டிவரை புடவையைத் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரில் நின்றாள்.

சாப்பாடு பன்னி சவ். 'கால் மட்டன்' என்று கேட்க வேண்டும். ரொட்டியின் கால் பாகத்தைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு. எடுத்த ரொட்டியை மூடி மாதிரி மேலே வைக்கிறார்கள். 95 ராண்ட். கறிவேப்பிலை, பட்டை, உருளைக்கிழங்கு. காரம் காதில் ஏறுகிறது. எப்படிப் பிறந்தது என்பதற்குக் கதைகள் பல. ஹோட்டலுக்குள் உட்கார அனுமதி இல்லாதவர்களுக்குப் பின்வாசல் வழியாகக் கொடுக்க, தட்டு தேவைப்படாத சாப்பாடாக வந்தது என்று கடைக்காரர் சொன்னார். தட்டுக்குப் பதில் ரொட்டி.

ஜூன் 19, புதன் – கேட்டோ மேனர், சாட்ஸ்வொர்த்

என்னோடு வேலை பார்த்த ஒருவரின் தூரத்துச் சொந்தம், 78 வயது ஆண்ட்டி. பெயரின் பின்னால் கோவெண்டர்; கவுண்டர்தான் கப்பல் குமாஸ்தா பேனாவில் இப்படி ஆனது. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளோடு இங்கே வந்து சேர்ந்தது. இவருடைய கொள்ளுத்தாத்தா அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கப்பலில். தமிழ் பேச வராது. ஆனால் வாசலில் "வணக்கம்" சொல்லிக் கைகூப்பினார். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார். முறுக்கும் வடையும் சுட்டு வைத்திருந்தார்.

முதலில் கேட்டோ மேனருக்குக் கூட்டிப்போனார். அங்கே அம்பலவாணர் ஆலயம். 1875-ல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த கோயில். 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனபின் 1947-ல் இந்த இடத்தில் மறுபடி கட்டினார்கள். பிறகு குழுப் பகுதிச் சட்டம் வந்தது. எந்த இனம் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1950-ல் போட்ட சட்டம். கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். சுற்றி இருந்த வீடுகள் போயின, வாழைத் தோட்டங்கள் போயின, கோயில் மட்டும் நின்றது. ஆண்ட்டிக்கு அப்போது 18 வயது. லாரி வந்த அன்று அவருடைய அப்பா மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்த மரம் இருந்த இடம் என்று ஒரு புதர்க்காட்டைக் காட்டினார்.

சாட்ஸ்வொர்த் இந்தியர்களுக்கென்றே அரசாங்கம் கட்டியது. தெருக்களுக்குப் பேர் வைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. ரோடு 701, ரோடு 706. ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்பு, மறுபக்கம் கறுப்பின மக்களின் உம்லாசி, நடுவில் இந்தியர்கள்.

"எங்களுக்குக் கொஞ்சம் நல்ல வீடு கொடுத்தாங்க. கொஞ்சம் நல்ல ஸ்கூல். அந்தக் கொஞ்சத்தைக் காட்டித்தான் எங்களைப் பிரிச்சாங்க" என்றார் ஆண்ட்டி. 1949 ஜனவரியில் டர்பனில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் கலவரம். 142 பேர் செத்தார்கள். மூன்று வயதுக் குழந்தையாக இவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டில் இருந்த கறுப்பர்கள், ஜூலு இனத்தவர். லாரி வந்தபோது அந்தக் குடும்பத்தை வேறு திசையில் ஏற்றிப்போனார்கள். அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

1984-ல் மூன்று சபை நாடாளுமன்றம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எதுவும் இல்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கு ஆண்ட்டி கதவையே திறக்கவில்லை. இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் போடவில்லை. "அதை வாங்கிட்டு எந்த முகத்தோட அந்த ஜூலு அம்மாவைத் தேடறது?" இதைச் சொல்லும்போது அவர் முறுக்கு டப்பாவை மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டே இருந்தார்.

ஜூன் 20, வியாழன் – கேப் டவுன்

மழை. கம்பளிக் கோட்டைக் கொடுத்த விடுதி அம்மாவை அக்கா மணிக்கு ஒரு தரம் வாழ்த்துகிறாள்.

ஆறாம் வட்டாரம். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று சொல்கிறார்கள். துறைமுகத் தொழிலாளிகள், மலாய் தையல்காரர்கள், யூதக் கடைக்காரர்கள், கறுப்பர்கள் எல்லாம் கலந்து இருந்த இடம். 1966 பிப்ரவரி 11-ல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000 பேரைப் பெயர்த்து மணல்வெளியில் கொண்டுபோய் விட்டார்கள். பழைய மெதடிஸ்ட் சர்ச் ஒன்று இப்போது அருங்காட்சியகம். தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் கையாலேயே பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெரியவர் குனிந்து ஒரு பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மிதித்துவிடக் கூடாதே என்று நாங்கள் ஓரமாக நடந்தோம். அவர் சிரித்து, "மிதியுங்கள், தெரு மிதிக்கத்தானே" என்றார்.

ஜூன் 21, வெள்ளி – கேப் டவுன்

கடல் கொந்தளிப்பு, ராபன் தீவுப் படகு ரத்து. நாளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நாளையும் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அக்கா காலையிலிருந்து பேசவே இல்லை.

மழை விட்டபோது குயின் விக்டோரியா தெருவுக்கு நடந்தோம். நீதிமன்றக் கட்டடத்துக்கு வெளியே இரண்டு பெஞ்சுகள்: 'வெள்ளையர் மட்டும்', 'வெள்ளையர் அல்லாதார் மட்டும்'. இனத்தைத் தீர்மானிக்கும் விசாரணைகள் இந்தக் கட்டடத்தில்தான் நடந்தன. அதன் நினைவாக வைத்திருக்கிறார்கள். ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார். ஈரமாக இருந்தது, அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆளுக்கு இரண்டு சுளை.

ராத்திரி ஒன்பதுக்கு அக்காவின் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் உடைந்திருந்தது.

ஜூன் 22, சனி – ராபன் தீவு

படகு போனது. வயிற்றைப் புரட்டியது, போனது.

சிறைக்குள் சுற்றிக்காட்டுகிறவர் அங்கேயே கைதியாக இருந்தவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறார். மண்டேலா அங்கே இருந்தது 18 வருஷம். அந்த அறையில் ஒரு பாய், போர்வை, சின்ன மேஜை, வாளி. சுண்ணாம்புக்கல் குவாரியின் வெளிச்சத்தில் கண் கெட்டவர்கள் பலர். இதெல்லாம் படித்ததுதான். படிக்காதது ஒரு பலகை: சாப்பாட்டு அளவு.

இரண்டு பத்தி. ஒன்று கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும், மற்றது கறுப்பருக்கு. கொழுப்பு: முதல் பத்திக்கு 1 அவுன்ஸ், இரண்டாவதற்கு அரை. இறைச்சி: 6 அவுன்ஸ், 5 அவுன்ஸ். ஜாம்: உண்டு, இல்லை. ரொட்டி: 4 அவுன்ஸ், இல்லை. வெள்ளையருக்குப் பத்தி கிடையாது, ஏனென்றால் வெள்ளைக் கைதிகளே இங்கே கிடையாது. 1964-ல் மண்டேலாவோடு ஒரே வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற வெள்ளையரான டெனிஸ் கோல்ட்பர்கைப் பிரிட்டோரியா சிறையிலேயே வைத்துக்கொண்டார்கள். அதே வழக்கில் இங்கே வந்த இந்தியரான கத்ராடாவுக்கு முழுக்கால்சட்டை; கறுப்பர்களான மண்டேலாவுக்கும் சிசுலுவுக்கும் அரைக்கால்சட்டை, பனியடிக்கும் ஜூன் மாதத்திலும். கறுப்பின ஆண் எந்த வயதானாலும் 'பையன்' என்பதுதான் கணக்கு. 1979-ல்தான் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று ஆனது. அதுவரைக்கும் ரொட்டி கிடைத்தவர்கள் ஒளித்து எடுத்துவந்து பங்கு போட்டார்கள் என்றார் வழிகாட்டி. எவ்வளவு சின்னத் துண்டு என்று கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

நாங்கள் அந்த முதல் பத்தி. ஆசியர். 4 அவுன்ஸ்.

திரும்பும் படகில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "அப்பத்தா வீட்டு எரவானத்துல ஒரு அலுமினிய டம்ளர் சொருகி இருக்கும்ல?"

இருக்கும். வயல் வேலைக்கு வருகிறவருக்கு. எங்களுக்கு வெண்கல டம்ளர், அவருக்கு அது. குடித்துவிட்டு அவரே கழுவி அவரே சொருகிவிட்டுப் போக வேண்டும். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்து. அவருக்கு எழுபது இருக்கும். அவரைத் தாத்தா என்று நாங்கள் கூப்பிட்டதில்லை. பேர் சொல்லித்தான். வா, போ என்றுதான்.

"அவரு வீடு எந்தப் பக்கம்னுகூட நமக்குத் தெரியாதுடி" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. கரை தெரிய ஆரம்பித்திருந்தது. மலைமேல் மேகம் துணி விரித்த மாதிரி கிடந்தது. பேரன் பேத்தி யாராவது ஊரில் இருப்பார்கள், போனதும் விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அக்கா கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதி வைத்தாள். பெயருக்குப் பின்னால் தாத்தா என்று சேர்த்து எழுதினாள்.